மணிக்கட்டிலே ஒரு சாட்சி

மூளையிலே சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் சில வாரங்களின் பின் வைத்தியரைக் காண வருகிறார். "கையை உயர்த்துங்கள், என் விரலை இறுகப் பிடியுங்கள், சற்றே நடந்து காட்டுங்கள்" என்கிறார் வைத்தியர். நோயாளியும் தம் வலுவையெல்லாம் திரட்டிச் செய்து காட்டுகிறார். வீடு திரும்பியபின் அவர் முற்றத்தில் உலாவுகிறாரா, படுக்கையே கதியென்று கிடக்கிறாரா? தாயைக் கேட்டால் ஒன்று சொல்வார். மனைவியைக் கேட்டால் வேறொன்று சொல்வார்.

நோயாளியின் நிலையைச் சுழியம் முதல் 100 வரையுள்ள எண்ணாற் குறிக்கும் முறையொன்றை 1940களின் இறுதியில் அமெரிக்க வைத்தியர் டேவிட் கார்னோவ்ஸ்கியும் அவர்தம் துணைவரும் வகுத்தனர். இன்றும் அது வழக்கிலுண்டு. ஆயினும் அதன் படி ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக உயர்வது. சிறு ஏற்றத்தாழ்வுகள் அதிற் புலப்படா.

இக்குறையை நிரப்பவே கைக்கடிகாரம் போன்ற அசைவுமானியை அணிவிக்கிறார்கள். அதனுள்ளே மிக நுண்ணிய சிலிக்கன் துண்டொன்று தொங்குகிறது. கை அசையுந்தோறும் அதுவும் இடம்பெயரும். அப்பெயர்ச்சி மின்குறியாகிப் பதிவாகும்.

மூளையின் முன்மடலில், உட்புறமாக, அசைவைத் தொடக்கிவைக்கும் பகுதியொன்று உண்டு. அங்குள்ள கட்டியை அகற்றியபின் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் செயலற்றுப் போவதுண்டு. சிலருக்குப் பேச்சும் நின்றுவிடும். வீட்டார் நடுங்கிப் போவர். ஆனால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அசைவு மீள்கிறது. மீளும்போது ஒரு விந்தை: "உயர்த்து" என்றால் உயரும் கை, தேநீர்க் கோப்பையை எடுக்கத் தானாக நீளுவதில்லை. பரிசோதனையிலே குறையில்லை, வாழ்க்கையிலே குறை. இரு மணிக்கட்டிலும் கருவியை அணிவித்து ஒப்புநோக்கினால் அவ்வேறுபாடு தெளிவாகும். அப்பியாசம் கற்பிப்போருக்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை என்பேன்.

எனினும் இச்சாட்சி சிலவேளை பொய்யும் உரைக்கும். மிக மெதுவாக நடப்பவரின் அடிகளை அது எண்ணாது விடும். சில்லுப் பூட்டிய நடைச்சட்டத்தைப் பற்றி நடப்பவருக்குக் கை அசைவதில்லை. கணக்கிலே அவர் நடக்கவேயில்லை! அத்தகையோருக்குக் கணுக்காலிற் கட்டுவதே தகும். பேச்சையும் நினைவையும் அது அளக்கமாட்டாது.

நாளொன்றுக்குப் 10,000 அடி என்னும் பேச்சை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். 1965இல் யப்பானிலே விற்பனைக்கு வந்த அடிமானியொன்றின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மூளைச் சத்திரசிகிச்சையிலிருந்து தேறுபவர் அதனை இலக்காகக் கொள்ளவேண்டியதில்லை. அவருக்கு அளவுகோல் அவரேதான். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே சில நாளாயினும் கருவியை அணிந்திருத்தல் நன்று.

தேறிவந்த ஒருவரின் அசைவு நாளுக்குநாள் குறையுமாயின் வீக்கமோ, கிருமித்தொற்றோ, மனச்சோர்வோ காரணமாகலாம். எதுவென்று கருவி கூறாது, வைத்தியரே கூறவேண்டும். கடுந்தலைவலியோ வலிப்போ திடீர்த் தளர்ச்சியோ கண்டால், கருவியைப் பார்த்துக்கொண்டிராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.