தேனும் தாய்ப்பாலும்

மாத்தளை மாவட்டத்திலே சீகிரியாக் குன்றைக் காணச் செல்வோர், ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்ப மன்னன் விட்டுச் சென்ற ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்து, சிங்கப் பாதங்கள் அமைந்த மேற்றளத்தை அடைவர். அங்கே கம்பிவலையாலான கூண்டொன்று உண்டு. ஆபத்து நேரத்தில் மனிதர் ஓடி ஒதுங்குவதற்காகவே அது அமைக்கப்பட்டது. பாறை விளிம்பிலே கரிய திரைபோலத் தொங்கும் கூடுகளிலிருந்து சினந்து எழுவனவற்றைக் குளவிகள் என்று பலரும் கூறுவர். அவை உண்மையில் மலைத்தேனீக்கள்; சிங்கள மக்கள் 'பம்பரா' என வழங்கும் இனம்.

இத்துணைக் காவலோடு அவை காக்கும் தேனை நம் முன்னோர் உணவாகக் கொண்டனர். புண்ணுக்கு மருந்தாகவும் இட்டனர். அதற்கு விஞ்ஞானம் கூறும் காரணம் யாது?

மலரின் மதுவிலுள்ள சுக்குரோசு என்னும் சர்க்கரையைத் தேனீயின் சுரப்பிகளிலிருந்து வரும் நொதியம் ஒன்று இரண்டாகப் பிளக்கிறது. மற்றொரு நொதியம், அவ்வாறு கிடைத்த குளுக்கோசின் ஒரு பகுதியைக் குளுக்கோனிக் அமிலமாக்குகிறது. அவ்வேளையில் ஐதரசன் பேரொட்சைட்டு பிறக்கிறது. கிருமிகளை அழிக்க வல்ல பொருள் அது. தேனிலே கிருமிகளை அடக்கும் ஏதோவொன்று உண்டெனக் கண்டு, 1937இல் டோல்ட் என்னும் ஜெர்மானியர் அதனை 'இன்ஹிபைன்' என்றார். அது இப்பேரொட்சைட்டே என்பதை 1963இல் அமெரிக்காவில் வைற் என்பாரும் அவர் குழுவினரும் நிறுவினர். தேனை மிகக் காய்ச்சினால் நொதியம் கெடும். இந்த ஆற்றலும் குன்றும்.

நொதியங்கள் சர்க்கரையைக்கொண்டு அமைக்கும் இன்னொரு காவல் தாய்ப்பாலில் இருக்கிறது. அப்பாலில், இலக்டோசுக்குப் புறம்பாக, சிக்கலான அமைப்புடைய பலவகைச் சர்க்கரைகள் லீற்றருக்கு 5 முதல் 15 கிராம் வரை உள்ளன. பசுப்பாலில் அவை மிகச் சொற்பம். குழந்தையின் வயிறு அவற்றைச் செரிப்பதில்லை. செரிக்காத உணவைத் தாயின் உடல் ஏன் வருந்திச் சமைக்கிறது?

அவற்றுட் சில, சயாலிக் அமிலம் என்பதைத் தாங்கியவை. உமிழ்நீர்ச் சுரப்பியின் பசைப்பொருளிலிருந்து சுவீடன் நாட்டுக் குன்னார் பிளிக்ஸ் 1936இல் பிரித்தெடுத்த அமிலம் இது. நம் உடற்கலங்களின் மேற்புறத்திலும் இது உண்டு. கிருமிகள் பல இதனைப் பற்றிக்கொண்டே உடலுள் இடம்பிடிக்கின்றன. வேடர் காட்டு மானை ஈர்ப்பதற்குப் பார்வை மானை நிறுத்துவதுபோல, பாலில் மிதக்கும் இச்சர்க்கரைகள் கிருமிகளைத் தம்பால் ஈர்க்கின்றன. அவற்றைப் பற்றிய கிருமி குடலின் சுவரைப் பற்றாது கழிந்துபோகிறது. செரிக்காத வேறு சில சர்க்கரைகள், குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் வளர்ச்சியைச் சில தாய்மாரின் பாற்சர்க்கரைகள் தடுப்பதை, 2017இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் ஆய்வுகூடத்திற் கண்டனர்.

தாயின் மார்பிலே, சயாலிக் அமிலத்தை எடுத்து இலக்டோசின்மேற் பொருத்துவது ஒரு நொதியம். இவ்வேலையை இரசாயன முறையாற் செய்வது கடினம்; படிகள் பல, வீணாகும் பொருளும் மிகுதி. ஆதலின் அறிஞர் நொதியங்களையே துணைக்கு அழைத்தனர். பாலாடைக்கட்டி செய்யும்போது வடிந்துபோகும் நீரிலுள்ள ஒரு புரதம் இவ்வமிலத்தைத் தாங்கியிருக்கிறது. அங்கிருந்து அதனைப் பெயர்த்துப் பசுப்பாலின் இலக்டோசோடு ஒட்டவைக்கும் நொதியமும் உண்டு. நுண்ணுயிர்களின் மரபணுவை மாற்றி அவற்றைக்கொண்டே இச்சர்க்கரைகளை ஆக்குவதும் இன்று கைகூடியுள்ளது. ஆயினும் ஆய்வுகூடத்தில் ஆக்கிய ஓரிரு சர்க்கரைகள் தாய்ப்பாலுக்கு ஈடாகா. அப்பாலிலே நூற்றுக்கு மேற்பட்ட சர்க்கரைகளும், நோயெதிர்ப்புப் புரதங்களும் ஒருங்கே தொழிற்படுகின்றன.

நேயர்களே, இவ்விரண்டையும் சேர்த்து நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தடவும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. தேனிலே குளொஸ்திரிடியம் பொற்றுலினம் என்னும் கிருமியின் வித்துகள் உறங்கிக் கிடக்கலாம். பேரொட்சைட்டும் அமிலமும் அவற்றை வளரவிடா. ஆனால் கொல்லவும் மாட்டா. முதிர்ந்தோர் குடலில் அவை வேரூன்றுவதில்லை. பச்சிளங் குழந்தையின் குடலிலோ அவை முளைத்து, நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். இந்நோய் 1976இல் அமெரிக்காவிலே தெளிவாக இனங்காணப்பட்டது. ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது என்பதே மருத்துவர் விதி.

முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே பருகினர். எஞ்சிய பதினெட்டுப் பேருக்கும் அப்பேறு வாய்க்க வேண்டும். வீட்டிலே மழலை பிறக்கும்போது, தேன் கிண்ணத்தை அடுக்களையிலேயே வைத்துவிட்டு, குழந்தையைத் தாயின் மார்பிலே சேர்ப்பதைப் பாட்டிமார் முதற்சடங்காகக் கொள்வாராக.