சாட்சியை விசாரிக்கக் கற்ற பிள்ளை

(புத்தளம் கரையோரக் கிராமமொன்றில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கூட்டம் தொடங்குமுன் கற்பிட்டி விவசாயி ஒருவர் எம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். “ஒல்லாந்தர் கோட்டை கட்டிய ஆண்டை என் மகன் மனனம் செய்தால் என் தோட்டத்து வெங்காயத்துக்கு விலை கூடுமா?” என்பது அக்கேள்வி. சிரித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று அது. ஆண்டை மட்டும் மனனம் செய்தால் விலை கூடாது, அறிவும் கூடாது. அதனை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அதே விவசாயி காணி வழக்கொன்றுக்காக ஓர் உறுதியை எம்மிடம் கொண்டுவருகிறார் எனக் கொள்வோம். நாம் என்ன செய்கிறோம்? இதனை எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? சாட்சிக் கையொப்பமிட்டவர் யார்? இதனால் நன்மை பெற்றவர் யார்? இதற்கு மாறான உறுதி வேறெங்கேனும் உண்டா? இவ்வைந்து கேள்விகளையும் கேட்கிறோம். வரலாறு என்பதும் இவ்வைந்து கேள்விகளேயன்றி வேறில்லை. அரசர்களும் ஆண்டுகளும் அக்கேள்விகளைப் பழகுவதற்கு வாய்த்த களமாகும்.

இந்நாட்டுப் பள்ளிகளில் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தோடு வரலாறு தன் தனியிடத்தை இழந்து சமூகக் கல்வியுள் கரைந்தது. 2007 முதல் ஆறாந்தரம் தொட்டு மீண்டும் தனிப்பாடமாயிற்று. 2025ஆம் ஆண்டில் புதிய சீர்திருத்தம் பேசப்பட்டபோது, அது கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்ற வாதம் எழுந்தது. இருதரப்பாரும் பாடத்தின் இடத்தைப் பற்றி வாதிட்டனர். கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசியோர் சிலரே. மனனமாகவே கற்பிப்பதாயின் கட்டாயமாக்கியும் பயனில்லை என்பதே எமது நிலைப்பாடு.

இம்முறையைப் பழகுவதற்குத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. இக்கரையே ஒரு பாடநூலாகும்.

சிலாபத்தை அடுத்துள்ள முன்னேஸ்வரத்தில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் அக்கோயிலுக்கு அளித்த கொடையைச் சொல்வது அது. மன்னனோ சிங்கள மன்னன், கோயிலோ சைவக் கோயில், வாசகமோ வடமொழி, எழுத்தோ தமிழகத்தில் வழங்கிய கிரந்தம். ‘ஏன் இவ்வாறு?’ என்று ஒரு வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். இக்கல்லை மேடையேற்றித் தம் கட்சிக்கு மட்டும் வெற்றி தேட எவராலும் இயலாது. இங்கே எம்மையும் குற்றக்கூண்டில் நிறுத்தவே வேண்டும். அரசியல் மேடைகளில் நாமும் வரலாற்றைச் சாட்சியாக வைத்து விசாரியாமல், எழுதி முடித்த தீர்ப்பாகவே பலமுறை வாசித்திருக்கிறோம்.

மற்றுமொரு சாட்சி: மொரொக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவர் ‘பத்தாலா’ எனக் குறித்த ஊர் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் பயணக்கதையை அவர் உரைத்தது தம் நாடு திரும்பிய பின்னர், ஏறக்குறையப் பத்தாண்டு கழிந்தே. எழுத்தில் வடித்தவரோ வேறொருவர். அவ்வாறாயின் எது கண்ட சாட்சி, எது கேட்ட சாட்சி, எது மறதியின் பிழை? இவ்வாறு பிரித்தறியப் பழகிய மாணவன் எந்தச் செய்தியையும் கண்மூடி விழுங்கான்.

இவை பழங்கதைகள் என்பீராயின் அண்மைக்காலத்துக்கு வருவோம். 1980களில் இக்களப்புகளின் ஓரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் பல இடங்களில் அழிந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒரு பண்ணையின் கழிவுநீர் கலந்த வாய்க்காலிலிருந்தே அடுத்த பண்ணை நீர் இறைத்தமையால் நோய் விரைந்து பரவியது; குளங்கள் பல கைவிடப்பட்டன. இதுவும் வரலாறன்றோ? யார் வாக்களித்தார், யார் நம்பினார், எந்தக் காரணம் எந்த விளைவைப் பெற்றது என்று இதனை ஆராய்ந்த பிள்ளை, நாளை மற்றொரு புதுத்தொழில் வாசலில் வந்து நிற்கும்போது கேட்கவேண்டியதைக் கேட்கும். மணலுக்கடியிலுள்ள நன்னீரை நம்பி வாழும் கற்பிட்டித் தோட்டக்காரரின் மகன், கிணற்று நீர் எப்போது மாறியது, உரம் எவ்வளவு கூடியது என முதியோரிடம் கேட்டு எழுதுவானாயின், தந்தையின் வெங்காயத்துக்கும் அவ்வறிவு உதவும்.

இனிச் சொல்வதற்குக் கடினமான ஒன்றையும் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடமாகாண முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்துக்கே வந்தனர். அவர்களது பேரப்பிள்ளைகளும் இவ்வூர்ப் பிள்ளைகளும் இன்று ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே தமிழில் பயில்கின்றனர். தமிழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை நெஞ்சுயர்த்திப் பேசும் நாம், எம்மவர் பெயரால் இழைக்கப்பட்ட இக்கொடுமையை மெல்லிய குரலில் முணுமுணுப்போமாயின், பிள்ளைகள் எம்மிடம் கற்பது வரலாறன்று, வஞ்சகமே. தனக்கு எதிரான சாட்சியையும் முழுமையாகக் கேட்பவனே நீதிபதியாவான்.

இத்திறன் இல்லாவிடில் நேர்வது என்ன? 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் துயரம் ஆறாத வேளையில், சிலாபத்து முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஓர் ஆங்கில வரி மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டது. எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், என்ன பொருளில் எழுதினார் என்று ஆராயக் கூட்டத்துக்குப் பொறுமையில்லை. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. வன்முறை பரவி, மறுநாள் இதே மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தலைவர் கொல்லப்பட்டார். ஒரு வரியை வாசிக்கத் தெரிந்தோர் ஆயிரவர். விசாரிக்கத் தெரிந்தோர் இல்லை. அந்நாளில் வதந்தி கைத்தொலைபேசியில் வந்தது. இனி வரும் காலத்தில் இயந்திரம் புனைந்த படமும் குரலும் மெய்யென்றே வந்து நிற்கும். கருவிகள் ஆண்டுதோறும் மாறும். கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள் மாறா.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஆசிரியர்களே, ஒவ்வொரு பாடத்திலும் ஒன்றுக்கொன்று முரணான இரு சாட்சிகளையேனும் மாணவர் முன் வையுங்கள். விடையைச் சொல்லுமுன் அவர்களை வாதிட விடுங்கள். பெற்றோர்களே, பழைய உறுதிகளையும் கோயில், பள்ளிவாசல், தேவாலயக் கணக்கேடுகளையும் பெட்டகத்தில் பூட்டி வையாது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாட்டன் பாட்டியர் வாய்மொழியை எழுதச் செய்யுங்கள். சட்டத்தரணிகளாகிய நாம் மாதமொரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து, சாட்சியத்தை எடைபோடும் முறையை மாணவர்க்குக் கற்பிப்போம். இதனைப் பிறர்மேல் சுமத்தாது எம் பொறுப்பாகவே ஏற்கிறோம்.

எம்மை நிறுத்திக் கேள்வி கேட்ட பெரியவர் இன்னும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, ‘இதனால் என்ன பயன்?’ என்று எம்மை மடக்கினீர்களே, அதுவே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி. அதனை உங்கள் மகனுக்கும் கற்றுக்கொடுங்கள். எம்மைப் போன்ற அரசியல்வாதிகள் மேடையேறும்போது எம்மிடமும் அவன் அதனையே கேட்கட்டும்.