கேள்வியோடு வரட்டும் முதலாண்டு மாணவர்



சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. ரங்கநாதன் அவர்களின் பிறந்தநாளை நூலகர் நாளாகக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். அவருடைய பெருமையைக் காலையிலிருந்து பலரும் பேசிவிட்டார்கள். அவர் தொடங்கிவைத்து நாம் பாதியிலேயே விட்டுவிட்ட ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேச எனக்கு அனுமதி கொடுங்கள்.

ரங்கநாதன் கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வந்த புதிதில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தார். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே யூனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸிடம் பயின்றார், ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார், 1925இல் திரும்பி வந்தார். அதன்பிறகு அவர் நூலகத்தை விடவில்லை. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை என்று நம் துறைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தார். இதெல்லாம் நீங்கள் பாடமாகப் படித்தது.

1940இல் நோக்கீட்டுப் பணி, அதாவது ரெஃபரன்ஸ் பணி குறித்து அவர் வெளியிட்ட நூலை நம்மில் பலர் அவ்வளவாகத் திறப்பதில்லை. நூலகத்துக்குப் புதிதாக வரும் மாணவரை அதில் அவர் தனி வகையாக வைக்கிறார். வழக்கமான வாசகருக்குச் செய்யும் உதவி வேறு, உடனடி விடை தேடிக் கொடுப்பது வேறு, நீண்ட ஆய்வுக்குத் துணை நிற்பது வேறு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், புதியவரை நூலகத்துக்குள் கைபிடித்து அழைத்துவருவது நோக்கீட்டு நூலகரின் கடமை என்கிறார். வகுப்பறையை விட்டுவந்த பிறகும் அவருக்குள் இருந்த ஆசிரியர் ஓய்ந்துபோகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தக் கடமையை இன்று நாம் எப்படிச் செய்கிறோம்? முதலாண்டு வகுப்பு தொடங்கிய முதல் வாரம். அறுபது பிள்ளைகளை வரிசையில் கூட்டிவருகிறோம். இது வழங்குமிடம், இது ரெஃபரன்ஸ் பகுதி, இது பருவ இதழ்ப் பகுதி, பையை வெளியே வை, பேசாதே, இரண்டு புத்தகம், பதினான்கு நாள், தாமதமானால் அபராதம். ஓபேக் என்னும் கணினிப் பட்டியலில் தேடுவது எப்படி என்று திரையில் ஒருமுறை காட்டுகிறோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம். நூலக அறிமுகம் முடிந்தது.

அந்தப் பிள்ளைக்கு அன்று எந்தத் தேவையும் இல்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. தேட ஒன்றுமில்லாத நாளில் தேடும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறோம். செப்டம்பரில் பேராசிரியர் அசைன்மென்ட் கொடுக்கிறார். தேவை பிறப்பது அன்றைக்குத்தான். அன்று நாம் பக்கத்தில் இல்லை. கையில் கைபேசி இருக்கிறது. தலைப்பை அப்படியே தட்டுகிறார், முதலில் வந்த பக்கத்தை எழுதிக் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கேள்வியும் புத்தகத்தின் பின்பக்கத்தில், விடையும் அதே புத்தகத்தின் முன்பக்கத்தில் என்று படித்து வந்த பிள்ளை அது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாகவும் இருக்கக்கூடும். கேள்வி என்பது தானே உருவாக்க வேண்டிய ஒன்று என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: முதலாண்டு நூலகப் பயிற்சியை அலமாரியிலிருந்து தொடங்காதீர்கள், கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் அந்த ஒரு மணி நேரத்தைக் கைவிட்டுவிட்டு, அசைன்மென்ட் கொடுக்கப்படும் வாரத்திலிருந்து வாரம் ஒரு மணியாக நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்தே அந்த வகுப்பில் நிற்க வேண்டும்.

எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். ஒரு பாடத்தை விரித்துச் சொல்கிறேன். 2015 டிசம்பரில் சென்னை ஏன் மூழ்கியது? இதுதான் கேள்வி. இன்று முதலாண்டில் இருப்பவர் அன்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது சிலருக்கு நினைவிருக்கும், மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்: மழை, ஏரியைத் திறந்துவிட்டது, ஆக்கிரமிப்பு. முதல் மணி நேரம் இந்தப் பதில்களைக் கரும்பலகையில் எழுதுவதோடு முடியட்டும். எதையும் தேட வேண்டாம். "ஏன் மூழ்கியது" என்ற பெரிய கேள்வி, "எவ்வளவு மழை பெய்தது", "எப்போது எவ்வளவு நீர் திறக்கப்பட்டது", "பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எப்படிச் சுருங்கியது" என்று சிறு சிறு கேள்விகளாக அவர்கள் கண்முன்னே பிரிய வேண்டும்.

இரண்டாவது வாரம், ஒவ்வொரு சிறு கேள்விக்கும் விடை யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். மழை அளவை வானிலைத் துறை அளக்கிறது. டிசம்பர் 1ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். நீர் திறப்புக் கணக்கை அன்று பொதுப்பணித் துறை வைத்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். பழைய நிலவரைபடம் வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எந்தத் தகவலுக்கும் அதைச் சேர்த்துவைக்கும் கடமையுள்ள ஓர் அலுவலகமோ ஆளோ உண்டு என்பதை மாணவர் அன்று உணர்வார். எத்தனை தேடுபொறி மாறினாலும் அந்த அறிவு பழசாகாது.

மூன்றாவது வாரத்தில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. இரண்டு ஆவணங்களை மேசையில் வையுங்கள். ஒன்று, 2016இல் அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழில் பன்னாட்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை. அந்த ஒருநாள் பெருமழைக்கு மனிதரால் விளைந்த காலநிலை மாற்றம்தான் காரணம் என்பதற்குத் தடயம் கண்டறிய முடியவில்லை என்றது அது. மற்றொன்று, 2018இல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயரின் அறிக்கை. ஏரி நீரைத் திறந்துவிட்ட முறை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடராக்கியது என்றது இது. மேலோட்டமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று "மனிதர் காரணமில்லை" என்பதாகவும், மற்றது "மனிதரே காரணம்" என்பதாகவும் தோன்றும். எது பொய் என்று கேட்பார். இரண்டும் பொய்யில்லை. ஒன்று வானத்திலிருந்து விழுந்த மழையை ஆராய்ந்தது, மற்றது விழுந்த மழையை நாம் கையாண்ட விதத்தை ஆராய்ந்தது. கேள்வி வேறு, தரவு வேறு, எழுதியவரின் பொறுப்பு வேறு. இதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நிமிடம் இருக்கிறதே, அந்த நிமிடத்துக்காகத்தான் நூலகங்களைக் கட்டி வைத்திருக்கிறோம் என்று நான் நம்புகிறேன்.

இதில் உலகத்தார் பட்ட அனுபவத்தையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2000ஆம் ஆண்டில் தகவல் அறிதிறனுக்கு ஒரு தரப்பட்டியல் போட்டது. மாணவர் இதைச் செய்வார், அதைச் செய்வார் என்று வரிசை வரிசையாக. 2016இல் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். அதன் இடத்தில் ஆறு கருத்துகளைக் கொண்ட ஒரு சட்டகத்தை வைத்தார்கள். ஆய்வு என்பது கேள்வி எழுப்பிக்கொண்டே போவது, அறிஞர்கள் எழுதுவது ஒருவரோடொருவர் நடத்தும் உரையாடல் என்பவை அவற்றில் இரண்டு. நாம் இன்னும் அவர்கள் கைவிட்ட பட்டியலையே பவர்பாயின்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்த ஆய்வு இன்னும் நேரடியாக நம்மைத் தொடுவது. பத்து வரலாற்று அறிஞர்கள், பத்துச் செய்தி சரிபார்ப்பாளர்கள், இருபத்தைந்து இளநிலை மாணவர்கள். குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளுடைய இணையதளங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய அமைப்பு. மற்றது 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிறு குழுவின் பக்கமே சாய்ந்தார்கள், அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். பக்கத்தின் வடிவம், மேற்கோள், முகவரி என்று அந்தத் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆராய்ந்ததுதான் காரணம். சரிபார்ப்பாளர்கள் அப்படி உட்காரவில்லை. உடனே வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள், சில நிமிடங்களில் உண்மையைக் கண்டார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடமே அவர்களைப் பற்றி விசாரிப்பதில்லை, அக்கம்பக்கத்தில்தானே விசாரிக்கிறார்கள்? அந்த வழக்கத்தை இணையப் பக்கத்துக்கும் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தால் போதும். நூலகர்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் சரிபார்ப்புப் பட்டியல்கள் மாணவரை அந்தப் பக்கத்துக்குள்ளேயே இன்னும் ஆழமாக உட்காரவைக்கின்றன. அவற்றை ஓரமாக வையுங்கள்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பழக்கம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் அது சொன்ன தீர்ப்புகளை மனுவில் எடுத்துக்காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. ஐயாயிரம் டாலர் அபராதம் விழுந்தது. படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞருக்கே அந்த நிலை. ஆகவே நான்காவது வாரம் மாணவர் கையில் பத்து மேற்கோள்களைக் கொடுங்கள், சில மெய், சில இயந்திரம் புனைந்தவை. நூலக அலமாரியிலும் தரவுத்தளத்திலும் தேடி எது இருக்கிறது, எது இல்லை என்று கண்டுபிடிக்கட்டும். நூலகத்தின் ஒவ்வொரு மூலையும் அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் சுற்றிக் காட்டவே வேண்டாம்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தனிப் பயிற்சி வேண்டும், இதை வேறு எந்த நாட்டுப் பாடத்திட்டமும் நமக்குத் தராது. "ராஜாஜி" என்று தேடினால் வருவது "இராஜாஜி" என்றால் வராது. 1940களின் செய்தியைத் தேடும் பிள்ளை "மாவட்டம்" என்று தட்டினால் ஒன்றும் கிடைக்காது, அன்று எழுதியது "ஜில்லா". 1943இலும் சென்னையில் பெருவெள்ளம் வந்தது. அந்த ஆண்டின் நாளிதழைப் பார்க்க வேண்டுமென்றால், பல இதழ்கள் வெறும் படங்களாகவே மின்வடிவில் இருப்பதால், சொல்லைத் தேடிப் பயனில்லை, தேதியைப் பிடித்துத்தான் போக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் எப்போது பார்க்க வேண்டியது, பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை வந்த கலைக்களஞ்சியம் எதற்கு உதவும், ரோஜா முத்தையா நூலகத்தில் என்ன இருக்கும், இலங்கைத் தமிழர் எழுத்துக்கு "நூலகம்" என்ற இணையதளத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர நம்மை விட்டால் ஆள் இல்லை.

கொடுப்பதற்குச் செல்வம் இல்லாமல் நாம் கஷ்டப்படவில்லை, நண்பர்களே. சோத்கங்கா இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் யாரும் படிக்கத் திறந்து கிடக்கின்றன. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களில் இருப்போர் இதன் வழியே படிக்கலாம். தமிழகத்தின் சுயநிதிக் கல்லூரிகள் முதற்கட்டத்தில் இதற்குள் வரவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் உள்ளே இருக்கும் அரசுக் கல்லூரிகளிலேனும் முதலாண்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதன் வழியே ஒரு கட்டுரையைத் திறந்திருப்பார்கள்? முனைவர் பட்டம் முடிக்கும் வேளையில் ஆய்வேட்டை மென்பொருளில் போட்டு, பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒற்றுமை வந்தால் திருப்பி அனுப்புகிறோம். மேற்கோள் காட்டும் நேர்மையை முதலாண்டில் சொல்லித்தராமல் கடைசியில் அளந்து பார்ப்பது அந்த மாணவருக்குச் செய்யும் அநீதி.

ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான். பல கல்லூரிகளில் சில ஆயிரம் மாணவருக்கு ஒரே நூலகர், சிலவற்றில் அவரும் கூடுதல் பொறுப்பு. அதனால்தான் பாட ஆசிரியர் கூட நிற்க வேண்டும் என்கிறேன். எல்லாத் துறையையும் ஒரே ஆண்டில் தொட வேண்டாம். விருப்பமுள்ள ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பு, ஒரு கேள்வி போதும். இந்த ஆண்டு படித்த பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்கள் அடுத்த ஆண்டு புதியவர்களுக்கு அருகிருந்து உதவுவார்கள். நேரம் இல்லை என்போருக்கும் சொல்கிறேன்: இன்டர்னலுக்கு 25 மதிப்பெண் ஏற்கனவே இருக்கிறது. அதில் அசைன்மென்டுக்கு உரிய பங்கில் பாதியை எழுதிய கட்டுரைக்கும், மறுபாதியை மாணவர் எழுதிவைக்கும் தேடல் குறிப்பேட்டுக்கும் கொடுங்கள். எங்கே தேடினேன், என்ன சொல் போட்டேன், எது கிடைக்கவில்லை, எதை ஏன் ஒதுக்கினேன் என்று அதில் இருக்கட்டும். அதைப் பார்த்து எழுதித்தர இன்னொருவரால் முடியாது.

இந்த அரங்கில் பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்து உங்கள் குழு கூடும்போது உங்கள் நூலகரையும் அழைத்து உட்காரவையுங்கள். முதலாண்டின் ஏதேனும் ஒரு தாளில், அசைன்மென்ட் என்ற வரிக்குக் கீழே, நான்கு மணி நேரம் நூலகத்தில் என்று எழுதிச் சேருங்கள். நூலகர்களே, அந்த நான்கு மணி நேரத்துக்கு என்ன கேள்வி கொடுக்கலாம் என்று பிற்பகல் அமர்வில் ஊர் ஊராகப் பேசுவோம். மதுரைக்காரர்கள் வைகையை எடுக்கலாம், திருப்பூர்க்காரர்கள் நொய்யலை எடுக்கலாம். எதை எடுப்பதென்று உணவு இடைவேளையில் உங்கள் துறை ஆசிரியரோடு பேசி வாருங்கள்.