மலை முதல் கடல் வரை ஒரே நீர்நிலம்

(செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சி என்றதும் மதிலும் வாளும் தேசிங்கின் குதிரையும் நினைவில் எழும். 2025 சூலையில் இக்கோட்டை உலக மரபுரிமைப் பட்டியலில், மராட்டியர் படைத்துறைக் கோட்டைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அதற்கு நெடுநாள் முன்பே கோனார்குலத்தார் இங்குக் கோட்டை அமைத்தனர் என்பது வரலாறு. யார் ஆண்டாலும், குளம் வெட்டிய கைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை! இன்றைய பேச்சு அக்கைகளைப் பற்றியது. அவை அறிந்திருந்த நீரறிவைப் பற்றியது.

1690 முதல் 1698 வரை முகலாயப்படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. மதில் பகையைத் தடுக்கும், நாவறட்சியைத் தடுக்குமா? நீரில்லாக் கோட்டை எட்டு நாளும் தாங்காது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றும் பாறை மலைகள். பாறை நீரைக் குடிப்பதில்லை. விழுந்த துளியை அப்படியே கீழே உருட்டிவிடும். அந்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கவே மலையடியில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் அமைந்தன. கல்யாண மாளிகைக்குச் சுடுமண் குழாய்வழி நீர் வந்தது. ஓடும் நீரை நிறுத்து, நின்ற நீரைப் பகிர், மிஞ்சியதை வழிவிட்டு அனுப்பு: இம்மூன்றே பண்டைத் தமிழன் கண்ட நீர்த்திட்டம்.

இதே முறைதான் சமவெளியில் தொடரேரிகளாக விரிந்தது. மேலேரி நிரம்பினால் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. வெள்ளம் ஒரே மூச்சில் ஆற்றில் விழாமல் ஏரிதோறும் இளைப்பாறி இறங்கும். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள. இவற்றைப் பேண ஊரவையே பொறுப்பேற்றது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஏரிக்கென்று தனி வாரியம் வைத்திருந்த இனம் இது!

இன்றைய நிலை என்ன? செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணியாறு தொண்டியாற்றோடு கூடுமிடத்தில் வீடூர் அணை உள்ளது, 1959-இல் கட்டப்பெற்றது. அங்கிருந்து ஆறு புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து, வில்லியனூரைக் கடந்து வங்கக்கடலில் கலக்கிறது. அணைநீரால் தமிழ்நாட்டு உழவரும் புதுச்சேரி உழவரும் பயன்பெறுகின்றனர். ஊசுட்டேரியோ ஒரே ஏரியாயிருந்தும் இரண்டு ஆட்சிப் பகுதிகளிலும் பரந்து கிடக்கிறது. நீர் ஒன்று, கரைவாழ் மக்கள் ஒருமொழியினர், கோடு மட்டும் இரண்டாகப் பிரிக்கிறது. அக்கோட்டைக் கிழித்தவர் யார்? 1750-இல் செஞ்சியைப் பிடித்த பிரெஞ்சியரும், 1761-இல் அதைப் பறித்த ஆங்கிலருமே! அவர்கள் கப்பலேறிப் போய்விட்டனர். கோடு மட்டும் இன்னும் போகவில்லை.

2024 நவம்பர் 30-ஆம் நாள் 'பெஞ்சல்' புயல் புதுச்சேரியருகே கரையேறியது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. வீடூர் அணை நிரம்பியது. திறந்துவிடப்பட்ட நீர் சங்கராபரணிக் கரையிலிருந்த புதுச்சேரிச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. அண்டையிலுள்ள தென்பெண்ணையில், திசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி வெளியேறியது.

ஒரு கணக்குப் பாருங்கள். வீடூர் அணையின் கொள்ளளவு 60 கோடியே 50 இலக்கம் கனஅடி. 51 செ.மீ. மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஏறத்தாழ 73,000 கனஅடி நீர். அப்படியாயின், ஏறத்தாழ 8,300 ஏக்கரில் பெய்த மழை நிலத்தில் ஊறாது ஓடிவந்தாலே, வெறுமையாய்க் கிடக்கும் முழு அணையும் நிரம்பிவிடும்! ஆற்றின் நீர்வரத்து நிலமோ அதனினும் மிகப் பெரிது. ஆகவே ஓரணையை நம்பி ஒரு நாடு உறங்க முடியாது. காப்பு அணையில் தொடங்குவதன்று, மலைச்சரிவில் தொடங்குவது.

செய்ய வேண்டுவன தெளிவானவை. மலைச்சரிவில் மரமும் வரப்பும் சிறு தடுப்பணைகளும் வேண்டும். ஏரிதோறும் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றோடு, கலிங்கிலிருந்து இறங்கும் வாய்க்காலும் அளந்து மீட்கப்பட வேண்டும். ஏரியைத் தூர்வாரி, வழிவாய்க்காலை மறப்பது வாயைத் திறந்து தொண்டையை அடைப்பது போன்றது. ஊருக்குள் மழைநீர் வடிகாலைச் சாக்கடையோடு கலவாது குளத்தில் சேர்க்க வேண்டும். மேலே பெய்யும் மழையளவு கீழே உள்ள ஊர்களுக்கு, ஆட்சி எல்லை பாராமல், உடனுக்குடன் எட்ட வேண்டும். இவை அனைத்தும் மாவட்டக் கணக்கில் அல்லாமல் ஆற்றுக் கணக்கில், மலை முதல் கடல் வரை ஒரே திட்டமாக வகுக்கப்பட வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பெருமழையில் வெள்ளம் வரவே செய்யும். ஆனால் வரும் வெள்ளம் தாழ்ந்து வரும், காலந்தாழ்த்தி வரும், சொல்லிவிட்டு வரும். உயிர் காக்க அதுவே போதும்.

கசப்பான ஓர் உண்மையும் உண்டு. கோடு கிழித்தவன் அயலான். ஏரியைத் தூர்த்தவன் அயலான் அல்லன். சென்னையில் மாம்பலம் நீண்ட ஏரி 1920-களில் மேடாக்கப்பட்டுத் தியாகராயநகர் எழுந்தது அயலாட்சியில். அதற்குப்பின் ஊர்தோறும் ஏரி வயிற்றில் மனை போட்டவரும், விற்றவரும், வாங்கியவரும் தமிழரே! 2007-இல் ஏரிக்காப்புச் சட்டம் வந்தும் வன்கவர்வு ஒழிந்தபாடில்லை. போக்கிடமின்றிக் கரையில் குடிசை போட்ட ஏழைக்கு மாற்றிடம் தந்தே அவனை எழுப்ப வேண்டும். நீர்வழியை வளைத்துப் பெருங்கட்டடம் எழுப்பியவனிடமே முதலில் கடப்பாரை போக வேண்டும்.

ஆதலின் பெருமக்களே! பழம்பெருமை பேசிய வாய் ஓயட்டும், கை எழட்டும். ஊர்தோறும் இளைஞர் கூடித் தம் ஏரியின் கலிங்கிலிருந்து அடுத்த ஏரிவரை ஒருநாள் நடந்து பாருங்கள். எங்கே அடைப்பு, எவர் வளைப்பு என்று எழுதி ஊரவையில் படியுங்கள். செஞ்சியில் எழுதிய ஏடு வில்லியனூருக்குப் போகட்டும். அங்கெழுதியது இங்கு வரட்டும். ஏரி வாரியம் கல்வெட்டில் மட்டும் வாழ்ந்தது போதும்; இனி அது கரைமேல் வாழட்டும்!