கம்பி நீண்டால் காலம் தவறும்



பிலிப்ஸ் 1982-இல் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் இரண்டே கம்பிகள். சிப்புகள் கம்பியைக் கீழே இழுக்கும். மேலே ஏற்றுவது புல்-அப் ரெசிஸ்டர்தான். கம்பி நீள நீள கெப்பாசிட்டன்ஸ் கூடும், ஏற்றம் மந்தமாகும். 100 கிலோஹெர்ட்ஸில் 1000 நானோ செகண்டுக்குள் ஏறியாக வேண்டும். கெப்பாசிட்டன்ஸ் வரம்பு 400 பிக்கோஃபாரட்.

“ரெசிஸ்டரைக் குறைச்சாப் போச்சு”ன்னு தோணும். ஆனால் சிப் இழுக்க உறுதி தருவது 3 மில்லிஆம்பியர்தானே! 5 வோல்ட்டில் சுமார் 1.5 கிலோஓமுக்குக் கீழே இறங்க முடியாது.

இங்கேதான் பஃபர் சிப் கைகொடுக்கிறது. பஸ்ஸை இரண்டாகப் பிரித்து, ஒருபக்கச் சுமை மறுபக்கத்தை அழுத்தாமல் காக்கிறது. அதுவும் சிறு தாமதம் சேர்க்கும், கணக்கில் விட்டுடாதீங்க.

புராஜெக்ட் நாளன்று சென்சார் பேசலைன்னா, புரோகிராமைத் திட்டுமுன் ஆஸிலாஸ்கோப்பில் அந்த ஏற்றத்தைப் பாருங்க.