வாங்குவது எது, விற்பது எது?



பட்டமளிப்பு விழா மேடைகளில் உத்தியோகத்தைப் பற்றியும் தேச சேவையைப் பற்றியும் பேசுவது சம்பிரதாயம். நான் வியாபாரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதிலும், பிறர் நடத்திவந்த தொழிலை விலைக்கு வாங்குவது, நம்முடையதைப் பிறருக்கு விற்பது, நடத்துகிறவர் ஒருவராகவும் பணம் நம்முடையதாகவும் இருக்கும்படி முதலீடு செய்வது ஆகிய இவற்றைப் பற்றியே பேசப்போகிறேன். தறிக்கூடமும் பலசரக்குக் கடையும் எண்ணெய்ச் செக்கும் கைமாறிக்கொண்டே இருக்கும் இந்த அருப்புக்கோட்டையில் இதற்குத் தனியே காரணம் கூற வேண்டியதில்லை.

குண்டாற்றில் சில நாள் மட்டுமே நீரோட்டம் காணும் இந்தக் கரிசல் சீமையில், ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தி, சோளம், மல்லி, மிளகாய் என்றும், பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்ட கரி என்றும் ஜீவனம் நடத்திய ஜனங்களிடையே வியாபாரம் இவ்வளவு தழைத்தது சாதாரண விஷயமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வழிப்பறிக்கு அஞ்சிச் சரக்கு வண்டிகள் கூட்டமாகச் சென்ற அந்நாளில், விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, நமது அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களைச் சேர்ந்த நாடார் வியாபாரிகள், வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் அமைத்து, வியாபாரமாகும் சரக்கின் மீது மகமை என்னும் சிறு தொகையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டு, அதனைத் தம் சமூகச் சங்கமாகிய உறவின்முறையின் பொது நிதியாகச் சேர்த்து, அந்நிதியைக்கொண்டே பேட்டையையும் கோயிலையும் பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களையும் நடத்தினார்கள். மகமை கொடுத்தவனுக்கு வட்டி வரவில்லை, லாபப் பங்கும் வரவில்லை. ஆனால் பணம் எவர் கையில் இருக்கிறது, எதற்குச் செலவாயிற்று என்று கூட்டத்தில் எழுந்து கேட்கும் பாத்தியதை அவனுக்கு இருந்தது. போட்ட பணத்தோடு கேட்கும் உரிமையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்னும் இந்த ஞானம் கம்பெனிச் சட்டத்தைப் படித்து வந்ததன்று.

அந்தப் பாத்தியதையின் விலை என்ன என்பதை இதே வட்டாரத்து வியாபாரக் குடும்பங்கள் பிற்காலத்தில் ஒரு வங்கியின் மூலமாகத் தெரிந்துகொண்டன. 1921ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி தூத்துக்குடியில் அலுவல் தொடங்கிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டு, சந்தையில் பட்டியலிடப்படாத ஸ்தாபனமாகவே நெடுங்காலம் நடந்துவந்தது. 1990களில், தனித்தனிக் குடும்பங்கள் தங்களிடமிருந்த பங்குகளைத் தனித்தனியே விற்றுவர, ஒருநாள் கூட்டிப் பார்த்தபோது பெரும்பான்மைப் பங்குகள் வெளியார் கைக்குப் போயிருந்தன. அதன்பின் சமூகத்தார் கூடி நிதி திரட்டிப் பங்குகளை மீட்க முயன்றதும், வழக்குகள் பெருகியதும், ஒரு வங்கியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்கு வாங்குகிறவருக்கு ரிசர்வ் வங்கியின் சம்மதம் வேண்டும் என்னும் விதி குறுக்கே வந்து நின்றதும் நீண்ட கதை. கடைசியில் 2022 செப்டம்பரில், பங்கு ஒன்று 510 ரூபாய் என்னும் விலையில் அவ்வங்கி பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தது.

விற்றவர்களைப் பழிக்க நான் வரவில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ பணம் தேவைப்படும்போது பெட்டியிலிருக்கும் பங்குப் பத்திரத்தை எடுத்து விற்காமல் வேறு எதற்காக அதை வைத்திருப்பது? ஒரு சமூகம் தோற்றுவித்த ஸ்தாபனம் என்றென்றும் அச்சமூகத்தின் கையிலேயே இருந்தாக வேண்டும் என்னும் வாதமும் எனக்குப் பூரண சம்மதமானதன்று. பங்கு என்று வெளியிட்ட பின் விலை கொடுக்கிறவன் வாங்குவான். விற்ற ஒவ்வொருவரும் தாம் விற்பது லாபப் பங்கு தரும் ஒரு காகிதம் என்று நினைத்தார்கள்; வாங்கியவரோ அந்தக் காகிதங்களில் அடங்கியிருந்த வாக்குகளை வாங்கினார். ஒரே பொருளை விற்றவர் ஒன்றாகவும் வாங்கியவர் வேறொன்றாகவும் கண்டார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். உங்கள் பேரம் சிறியதாயினும் இந்தப் பேதம் அதிலும் உண்டு.

ஒரு கடையையோ தறிக்கூடத்தையோ வாங்கப் புகுந்தால், கண்மாயைச் சித்திரையில் போய்ப் பார்ப்பவனைப் போல, அந்தத் தொழிலை அதன் வறண்ட காலத்தில் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கல்லாவைக் காட்டி எவரும் விலை பேசலாம். நோய்த்தொற்றால் ஊரே அடைபட்டிருந்த 2020-21ஆம் ஆண்டின் பேரேட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டில் எவர் கடனைத் திருப்பிக் கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை, எந்த மொத்த வியாபாரி பணம் வாங்காமல் சரக்கு அனுப்பினார் என்பதிலெல்லாம் அந்தக் கடையின் நாணயம் எழுதியிருக்கும். பேரேட்டைக் காட்டத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு விலை பேசுவது வீண்.

இடத்துக்கு வில்லங்கச் சான்று பார்க்கும் நம்மவர்கள் தொழிலுக்கு வில்லங்கம் பார்ப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி, ஒரு தொழில் கைமாறினால், கைமாறிய நாள் வரை நின்ற வரிப் பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள். தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதிப் பாக்கியும் அவ்வாறே புது முதலாளியைத் தேடிவரும். தறிக்கூடமானால் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பாவு நூலும் ஊடையும் யாருடையவை, நெசவாளர் கையில் நிற்கும் முன்பணத்தை யார் கழிப்பது என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சரக்கு இருப்பை விலை பேசிய நாளில் எண்ணியது போதாது. சாவி வாங்கும் நாளில் மறுபடியும் எண்ணுங்கள்.

பெயர் என்பது தனி. நாற்பது வருஷம் நடந்த ஒரு கடையை நல்ல விலைக்கு வாங்கியவர், ஆறு மாதத்தில் பழைய முதலாளியே எதிர்ச் சாரியில் வேறு பலகை மாட்டி அதே வாடிக்கைக்காரர்களை அழைத்துக்கொண்டு போவதைப் பார்த்து நிற்கும் பரிதாபம் நமது கடைவீதிகளுக்குப் புதிதன்று. ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில் கூறுகிறது. ஆயினும் அதே பிரிவு, தொழிலின் நற்பெயரை விற்றவர், வாங்கியவர் அத்தொழிலை நடத்தும் வரையில், நியாயமான ஓர் எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யாதிருக்க உடன்படலாம் என்று விதிவிலக்கும் தருகிறது. அந்த உடன்பாடு பத்திரத்தில் ஒரு வாக்கியமாக இருந்தாக வேண்டும். எழுதச் சொன்னால் பெரியவர் மனம் புண்படுமே என்று கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அந்தக் கூச்சத்துக்கு முழு விலையும் கொடுக்க நேர்கிறது.

கூட்டுத் தொழிலிலிருந்து விலகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்குத் தீர்த்துக்கொண்டு, கையெழுத்திட்டு, வீட்டுக்குப் போய்விட்டதனால் மட்டும் விலகினதாக ஆகாது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடும் வரையில், நீங்கள் இன்னும் கூட்டாளி என்று எண்ணிக் கடன் கொடுக்கிறவருக்கு நீங்களும் பொறுப்பாளியே. விலக நினைப்பவர் தொழில் நன்றாக நடக்கும்போதே விலகுவது விவேகம். நொடித்த பிறகு வாங்க வருகிறவர் இடத்துக்கும் இரும்புக்கும் மட்டுமே விலை கூறுவார்.

அதிக வட்டி என்று ஆசை காட்டும் நிதி நிறுவனங்களைப் பற்றி விரித்துரைக்க மாட்டேன். முதலீட்டாளர்களைக் காப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1997இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது என்னும் ஒன்றே போதும்.

இன்று வீடு திரும்பியதும் பாட்டனார் வைத்துப்போன பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பங்குப் பத்திரம் ஏதேனும் கிடைத்தால், விலை விசாரிக்கும் முன்னர் அது எந்த ஸ்தாபனத்தினுடையது, யார் பெயரில் உள்ளது, அதற்குரிய வாக்கு எத்தனை என்று பாருங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனியின் பங்கைக் காகிதமாகவே கைமாற்றுவது 2019 ஏப்ரல் முதல் நின்றுவிட்டது. மின்னணுக் கணக்கில் ஏற்றிய பிறகே விற்க முடியும். லாபப் பங்கை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வாங்காதிருந்தால், அப்பணமும் பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். உரியவர் அல்லது வாரிசு விண்ணப்பித்து அதைத் திரும்பப் பெறலாம். விண்ணப்பத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுரிமைக்கான ஆவணம், பழைய முகவரிக்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். உங்களில் வணிகவியல் படித்தவர்கள் தெருவில் உள்ள மற்ற வீட்டாருக்கும் இதை எழுதிக் கொடுக்கலாம்.