உப்பின் விலையை வகுப்பது எது?



பொருளியல் என்றவுடன் அது பட்டம் பெற்றோர்க்கே உரிய கலை என்று நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகிறோம். புத்தளம் களப்போரத்தில் வாழும் நமக்கோ அதன் முதற் பாடத்தை உப்பே கற்பிக்கிறது.

ஒரு பொருளை வாங்கும் விருப்பமும் அதற்கேற்ற பணமும் சேர்ந்தது கேள்வி. விற்பனைக்கென்று சந்தைக்கு வருவது நிரம்பல். தமது பொருளியற் பெருநூலை 1890-இல் வெளியிட்ட அல்பிரட் மார்ஷல் என்னும் ஆங்கில அறிஞர், இவ்விரண்டையும் கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கு ஒப்பிட்டார். இரண்டும் கூடினாலன்றி விலை அமைவதில்லை.

ஆனால் உப்பின் கேள்வி எளிதில் வளையாதது. உப்பு மலிந்தது என்று கறிக்கு இரு பங்கு இடுவார் இல்லை. விலை ஏறியது என்று உப்பின்றி உண்பாரும் இல்லை. ஆகவே 100 மூடை வேண்டிய ஊருக்கு 90 மூடையே வருமாயின், விலை பத்திலொரு பங்கு ஏறியதோடு நிற்பதில்லை, பன்மடங்கு ஏறுகிறது. 110 மூடை வந்தாலோ அடியோடு சரிகிறது.

இந்த உண்மையை ஆண்டவர்கள் நன்கறிந்திருந்தனர். 1766-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் இலங்கைக் கரை முழுவதையும் தம் வசமாக்கியபோது, கண்டி நாட்டின் உப்பு வழியும் அவர்கள் பிடிக்குள் அகப்பட்டது. உப்பில்லாமல் எவரும் வாழ முடியாது என்பதனாலேயே ஆங்கிலேயர் உப்பைத் தனியுரிமையாக்கி வரி பெற்றனர். 1930-இல் இராஜாஜி தலைமையில் வேதாரணியத்துக்கு நடந்தவர்கள் எதிர்த்து நின்றதும் அத்தகைய உப்புச் சட்டத்தையே.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024-இன் இறுதியில் பெய்த பெருமழை உப்பு விளைச்சலைக் கெடுத்தது. 2025-இல் நாடெங்கும் தட்டுப்பாடு, விலை ஏறிற்று, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதியாயிற்று. ஏறிய அந்த விலை யாருக்குப் பயன்பட்டது? பாத்தியில் நீர் தேங்கி நின்றவனுக்கா? இல்லை; கையிருப்பு வைத்திருந்தவனுக்கே பயன்பட்டது.

வெயில் நன்றாய் எரிந்த காலத்திலோ எல்லாருடைய குவியலும் ஒரே வேளையில் சந்தையை நாடுகிறது. கூலியும் கடனும் நெருக்க, சிற்றுடைமையாளர் கேட்ட விலைக்குக் கொடுத்து விடுகிறார். கற்பிட்டி வெங்காயச் செய்கையாளரின் கதையும் இதுவே. சென்ற போகத்து விலையை நம்பி எல்லாரும் நடுகிறோம், எல்லாரும் ஒன்றாய் அறுக்கிறோம், விலை வீழ்கிறது. பஞ்சத்தில் நம்மிடம் பொருளில்லை. மிகுதியில் நம் பொருளுக்கு விலையில்லை.

ஆதலால் நாம் கேட்பவை மூன்று. நனையாத பொதுக் களஞ்சியங்கள் கரையோரத்தில் எழ வேண்டும். அங்கு வைத்த உப்பின் பேரில் கூட்டுறவுச் சங்கம் முன்பணம் தரவேண்டும். இறக்குமதியைக் குறைவின் அளவுக்கே வரையறுத்து, புதிய விளைச்சல் குவியுமுன் நிறுத்த வேண்டும்.

பதுக்கி வைத்து விலையேற்றுவது நம் நோக்கமன்று. மிகுந்த காலத்தில் காத்து வைத்து, குறைந்த காலத்தில் வெளிவிட்டால், வாங்கும் ஏழைக்கும் விலை தாங்கும். விளைப்பவனுக்கும் கூலி நிற்கும்.

மழையைத் தடுக்க நம்மால் இயலாது. களஞ்சியம் கட்ட இயலும். அடுத்த விளைச்சலுக்கு முன் அந்தப் பணியில் இறங்குவோம் வாரீர் என்று கேட்டு அமைகிறோம்.